வடியும் நீரும் வளரும் பிழையும்

வெள்ளம் வருகிறதென்று செய்தி கிடைத்ததும் நீர்த்தேக்கத்தின் மதகைத் திறந்து இடம் ஒழிக்கிறார்கள். எத்தனை மணி நேரத்தில் மட்டம் எவ்வளவு இறங்கும்? நீர் உயர்ந்து நிற்கும்போது விரைந்து பாயும். இறங்க இறங்க வேகம் தணியும். மட்டம் வேகத்தை நிர்ணயிக்கிறது; வேகமோ மட்டத்தை மாற்றுகிறது. இத்தகைய உறவைக் கூறுவதே வகைக்கெழுச் சமன்பாடு.

செங்குத்தான சுவர்களையுடைய ஒரு தொட்டியில், அடிவாயிலுக்கு மேல் 4 மீட்டர் நீர் நிற்பதாகக் கொள்வோம். 1644-ல் டாரிசெல்லி வெளியிட்ட விதிப்படி, நீர் வெளியேறும் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. வாயிலின் அளவுக்கேற்ப, அவ்வர்க்கமூலத்தில் பாதியே மட்டம் மணிக்கு இறங்கும் மீட்டர் என்க. தொடக்க வேகம் மணிக்கு 1 மீட்டர். இதற்குச் சூத்திரம் உண்டு. நான்கு மணி நேரத்திற்குப்பின் சரியாக 1 மீட்டர் எஞ்சும். உண்மை ஏரியிலோ கரைகள் சரிந்திருக்கும், நீர்வரத்து மாறிக்கொண்டிருக்கும், மதகும் ஏற்றி இறக்கப்படும். அங்கே சூத்திரம் கிடைப்பது அரிது. படிப்படியாகவே கணக்கிட வேண்டும். அவ்வழியை, விடை தெரிந்த இத்தொட்டியில் முதலில் சோதித்துப் பார்க்கலாம்.

ஆய்லர் 1768-ல் விளக்கிய முறை மிக எளியது. ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் உள்ள வேகமே அம்மணி முழுவதும் நீடிப்பதாகக் கொள்வர். அவ்வாறு செய்தால் 4, 3, 2.13, 1.40, 0.81 என ஆழம் இறங்குகிறது. உண்மையைவிட 19 சென்டிமீட்டர் குறைவு! பிழையின் அளவைக்காட்டிலும் அதன் திசையே கவனிக்கத்தக்கது. தொடக்க வேகம் எப்போதும் சராசரியைவிட மிகுதியாதலால் கணக்கு நீரை முந்திச் செல்கிறது. அதை நம்புகிறவர், வெள்ளத்திற்கு இருப்பதைவிட அதிக இடம் இருப்பதாக எண்ணிவிடுவார்.

படியை அரைமணியாகக் குறைத்தால் விடை 0.91, பிழை ஏறத்தாழப் பாதியாகிறது. உழைப்போ இரட்டிப்பாகிறது. பிழை 1 சென்டிமீட்டருக்குக் குறைய ஏறக்குறைய 70 படிகள் வேண்டும்.

ஜெர்மானியரான ரூங்கே 1895-ல் வேறு வழி காட்டினார். தொடக்க வேகத்தைக்கொண்டு அரைமணி மட்டும் முன்சென்று பார்க்க வேண்டும்: ஆழம் 3.5 மீட்டர், அங்கே வேகம் 0.94. இந்த நடுவேகத்தை முழு மணிக்கும் வைத்தால், முதல் மணியின் முடிவில் ஆழம் 3.06. இவ்வாறே நான்கு மணி சென்றால் 1.01 கிடைக்கிறது. வேகத்தை எட்டு முறைதான் கணக்கிட்டோம். அரைமணிப் படிக்கும் அதே எட்டுதான். ஆயினும் பிழை 9 சென்டிமீட்டரிலிருந்து ஒன்றுக்குள் வந்துவிட்டது. படிக்கு நான்கு வேகங்களைக் கொள்ளும் குட்டாவின் 1901-ஆம் ஆண்டு முறை இன்றும் கணிப்பொறிகளில் பெருவழக்காக உள்ளது.

அவசரத்தில் ஐந்து மணி நேரத்தை ஒரே படியாகத் தாண்டினால் ஆய்லர் முறை தரும் ஆழம் கழித்தல் 1 மீட்டர்! தொட்டியிலோ 56 சென்டிமீட்டர் நீர் இன்னும் நிற்கும். மாணவர்களுக்கு இக்கணக்கைக் கொடுத்துப் பார்ப்பது நல்லது. சிரித்துவிட்டுப் பிறகு மறக்கமாட்டார்கள்.

சூத்திரம் இல்லாத இடத்தில், படியைப் பாதியாக்கி மீண்டும் கணக்கிட வேண்டும். இரு விடைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றனவோ அவ்வளவுக்கு நம்பலாம். ஆனால் இச்சோதனை கணக்கின் பிழையை மட்டுமே காட்டும். மதகில் வண்டல் அடைத்திருந்தால் எந்த முறையும் அதைக் கண்டுபிடிக்காது. ஆகவே மணிக்கொருமுறை அளவுகோலில் மட்டத்தைப் பார்த்து, கணக்கிட்ட எண்ணை விட்டுவிட்டு, கண்ட எண்ணிலிருந்தே அடுத்த படியைத் தொடங்க வேண்டும்.