புகை வேண்டாம், புழுவைப் பாருங்கள்

1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், கொசுப்புழுக்கள் செத்துக்கொண்டிருந்த ஒரு குட்டைச் சேற்றிலிருந்து யோயல் மார்கலித், லியோனார்ட் கோல்ட்பெர்க் ஆகிய இருவரும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் பேசிலஸ் துரிஞ்ஜியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ், சுருக்கமாக பி.டி.ஐ. முட்டைக்கோஸ் புழுவுக்கு உழவர்கள் தெளிக்கும் பி.டி. மருந்தின் நெருங்கிய உறவு. வடசென்னைக்கு மிகவும் பொருத்தமான கொசு மருந்து இதுதான் என்பேன்.

இந்த பாக்டீரியா வித்தாக மாறும்போது புரதப் படிகங்களையும் சேர்த்து உண்டாக்கும். தண்ணீரை வடிகட்டித் தின்னும் கொசுப்புழு அவற்றையும் விழுங்குகிறது. புழுவின் குடலிலுள்ள காரத்தன்மை படிகத்தைக் கரைக்க, அங்குள்ள நொதிகள் அதை நஞ்சாக்க, குடல்சுவரில் ஓட்டைகள் விழுகின்றன. புழு ஒரு நாளுக்குள் செத்துவிடும். மனிதர் வயிற்றில் இருப்பதோ அமிலம். அந்த நஞ்சு பற்றிக்கொள்ளும் இடங்களும் நம் குடலில் இல்லை. குடிநீர்க் கலன்களில் போடவே சில தயாரிப்புகளை உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கிறது. வெளிநாட்டுச் சரக்கை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டியதில்லை. 1975-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், பி-17 என்ற உள்நாட்டு வகையிலிருந்தே மருந்து தயாரிக்கும் நுட்பத்தை உருவாக்கியிருக்கிறது.

இராயபுரத்தின் பழைய கிணறுகளும் மாடித் தொட்டிகளும் மலேரியா பரப்பும் அனாஃபிலஸ் ஸ்டீபன்சை கொசுவுக்குப் பிடித்தமான இடங்கள். 2012-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டித் துறைமுக நகரில் தலைகாட்டி, பிறகு எத்தியோப்பியாவிலும் பரவியது இதே கொசுதான். துறைமுகத்தை ஒட்டி வாழும் நாம் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. தெளிந்த நீரில் பி.டி.ஐ. நன்றாகவே வேலை செய்யும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கண்டெய்னர் யார்டுகளில் கிடக்கும் பழைய டயர்களில் வளரும் டெங்குக் கொசுவின் புழுவும் இதற்குத் தப்பாது.

பக்கிங்காம் கால்வாய்தான் சிக்கல். சாக்கடை நீரில் புழுவுக்குத் தின்ன வேறு அழுக்கு ஏராளம். படிகம் வாய்க்குப் போவது குறைவு, அதுவும் சீக்கிரம் அடியில் படிந்துவிடும். அழுக்கு நீரில் கூடுதல் நாள் தாங்கும் பேசிலஸ் ஸ்பெரிகஸ் என்ற இன்னொரு பாக்டீரியா உண்டு. ஆனால் 1990-களில் கொச்சியில் அதையே திரும்பத் திரும்பத் தெளித்ததில் கொசுக்கள் அதற்குப் பழகி எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டன. பி.டி.ஐ.யில் 4 முக்கிய நஞ்சுகள் சேர்ந்து தாக்குவதால் அப்படிப் பழகுவது கடினம். எந்த மருந்தானாலும், ஆகாயத்தாமரையையும் பிளாஸ்டிக்கையும் அள்ளாமல் கால்வாயில் கொட்டுவது வீண் செலவு.

கூட்டுப்புழு எதையும் தின்னாது. அதனால் அதை பி.டி.ஐ. கொல்லாது. நம் வெயிலில் முட்டை கொசுவாக ஏறக்குறைய பத்து நாள் போதும். ஆகவே வாரம் தவறாமல் மருந்து விட்டால்தான் பலன். மாலையில் அடிக்கும் புகையோ பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தொட்டியில் இருக்கும் புழுவை அது தொடுவதே இல்லை.

மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் உங்கள் வீட்டுக்கு வந்தால், புகை அடிக்கச் சொல்லி வாசலிலேயே நிறுத்தாதீர்கள். மாடிக்கு அழைத்துப்போய்த் தொட்டியைத் திறந்து காட்டுங்கள். புழங்காத கிணறு இருந்தால் அதையும் காட்டுங்கள்.