மையத்தில் யார்? மனவரைபடமும் நர்சிங் கல்வியும்

நர்சிங் மாணவிகளுக்கு மைண்ட் மேப், அதாவது மனவரைபடம், பெரும்பாலும் ஒரு ஞாபக உத்தியாகவே அறிமுகமாகிறது. டோனி பூசான் 1974இல் ‘யூஸ் யுவர் ஹெட்’ என்ற நூலின் மூலமும் பிபிசி தொடரின் மூலமும் பரப்பிய முறை: நடுவே ஒரு சொல், சுற்றிலும் வண்ணக் கிளைகள். மார்க் வாங்க உதவுமா என்பது வேறு விஷயம். பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் என் கேள்வி, அந்தத் தாளின் மையத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது.

வார்டில் மாணவி எழுதும் கேர் பிளான் கட்டங்களால் ஆனது. மதிப்பீடு, கணிப்பு, இலக்கு, செயல், மறுமதிப்பீடு. ஒன்றை நிரப்பினால் அடுத்தது. உடம்பு இப்படிக் கட்டங்கட்டமாகவா இருக்கிறது? நாற்று நடப் போகிற ஒரு அம்மா, சர்க்கரை நோய், காலில் புண் என்று வைத்துக்கொள்வோம். நீடித்த சர்க்கரை நரம்பைக் கெடுக்கிறது, கால் மரத்துப்போகிறது, முள் ஏறினாலும் தெரிவதில்லை. ரத்த ஓட்டம் குறைந்திருந்தால் புண் ஆறத் தாமதமாகும். புண்ணில் கிருமி சேர்ந்தால் சர்க்கரை ஏறும். ஏறிய சர்க்கரை தொற்றை மேலும் மோசமாக்கும். இந்தச் சுழலைக் கட்டத்துக்குள் எழுத முடியாது. பூசானின் படத்திலும் சிரமம்தான். அதுவும் ஒரு மரம். தண்டு, கிளை, சிறுகிளை என்கிற படிநிலை. தெல்யூசும் கத்தாரியும் 1980இல் மரத்துக்கு எதிராக முன்வைத்தது மண்ணுக்கடியில் படரும் தண்டை. நம்மூர்க் கோரையைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1970களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் குழுவினர் உருவாக்கிய கருத்துவரைபடம்தான் எங்கள் வேலைக்குத் தோது என்பது என் கட்சி. குறுக்குக் கோடுகள் உண்டு. ஒவ்வொரு கோட்டின் மீதும் ஓர் இணைப்புச் சொல் எழுதியாக வேண்டும். ‘நியூரோபதி’யைப் புரியாமலே மனப்பாடம் பண்ணிவிடலாம். ப்ளஸ் டூ வரை தமிழில் படித்த பெண், கோட்டின் மேல் ‘கல்லு குத்துனாக்கூடத் தெரியாது’ என்று எழுதினால், புரியாமல் எழுத வழியில்லை. நான் அதைத் திருத்துவதில்லை.

அதே தாளில் ‘வெந்நீர்ல கால் வச்சா ரத்த ஓட்டம் கூடும்’ என்றும் அவள் ஒரு கோடு போடுகிறாள் என்று வையுங்கள். பக்கத்திலேயே அவள் எழுதிய ‘தெரியாது’ நிற்கிறது. சூடு உறைக்காத கால் வெந்துபோகும். அவளுடைய தாளே அவளை மறுக்கிறது. ‘இது எப்படிம்மா?’ என்று அந்தக் கோட்டைத் தொட்டுக் கேட்டால் போதும், மீதியை அவளே பார்த்துக்கொள்வாள்.

ஆனால் கேட்க ஆள் வேண்டும். சார்ட் பேப்பரைக் கையில் கொடுத்துவிட்டு ‘செல்ஃப் லேர்னிங்’ என்று நழுவுவது ஆசிரியர் பற்றாக்குறைக்கு வைத்த நாகரிகப் பெயர். போர்டில் மாதிரி போட்டு ஐந்து கலரில் காப்பி எடுக்கச் சொல்வதோ பழைய நோட்ஸேதான், வட்டமாக.

மையத்துக்கு வருகிறேன். அங்கே ‘சர்க்கரை நோய்’ என்று எழுதினால் நாற்று நடுவது விளிம்பில் ‘வாழ்க்கைமுறை’ ஆகி ஒதுங்கிவிடும். அறிவுரை, வெறுங்காலோடு நடக்காதீர்கள். அந்த அம்மாவை மையத்தில் எழுதிப் பாருங்கள். ‘செருப்போட சேத்துல எறங்க முடியாது.’ அங்கிருந்து ஒரு கோடு கூலிக்கு, இன்னொன்று புண்ணுக்கு. கூலிக்கு கேர் பிளானில் கட்டமில்லை. ராத்திரி விளக்கடியில் உள்ளங்காலைப் பார்த்துச் சொல்ல வீட்டில் யார் இருக்காங்க என்று, மாணவி பேனாவை வைத்துவிட்டுக் கட்டிலருகே போய்க் கேட்க வேண்டியிருக்கும்.