சொல்லரங்கிலிருந்து குருத்துவத்திற்கு: கரோல் வொய்த்திவாவின் நாடக வாழ்வு

நடிகராயிருந்து பின்னர்க் கத்தோலிக்கக் குருவானவர்களின் வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் துறவு வரலாறுகளாகவே எழுதப்பட்டுள்ளன. புகழும் செல்வமும் முதற்பகுதியாகவும், அவற்றைக் கைவிடுதல் இரண்டாம் பகுதியாகவும் அமையும். மெக்சிகோவின் ஹோசே மொஹிக்கா இவ்வமைப்பிற்குத் தக்க சான்று. சிகாகோவில் ஓப்ராப் பாடகராகவும் ஹாலிவுட்டில் திரைநடிகராகவும் விளங்கிய அவர், 1940களில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து பெரு நாட்டில் குருவானார். 1956இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றின் தலைப்பே ‘பாவியாகிய நான்’ என்னும் பொருளுடையது. இவ்வகை வரலாற்றில் மேடை என்பது கடந்துவர வேண்டிய இடம்.

பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எனப் பெயர் பெற்ற கரோல் வொய்த்திவாவின் வாழ்வையும் இதே அச்சில் வார்ப்பவர் உளர். அவ்வாறு வார்க்கும்போது அவர் பயின்ற அரங்கு எத்தகையது என்னும் வினா விடுபட்டுப் போகிறது. அவ்வினாவிற்கு விடை காணாமல் அவருடைய குருத்துவத்தையும் சரிவர விளங்கிக்கொள்ள இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

வொய்த்திவா 1920 மே 18 அன்று தென் போலந்தின் வதோவித்சே என்னும் சிற்றூரில் பிறந்தார். 1929இல் தாயையும், 1932இல் மருத்துவராயிருந்த தமையனையும் இழந்தார். பள்ளி நாள்களில் சோஃபோக்ளீசின் ‘ஆன்டிகனி’யில் ஹேமோனாகவும், யூலியுஷ் ஸ்வோவாட்ஸ்கியின் ‘பல்லாடினா’வில் கிர்கோராகவும் நடித்தார். பின்னைய நாடகத்தில் வேறொரு மாணவர் பங்கேற்க இயலாமற்போகவே, அப்பாத்திரத்தையும் அவரே ஏற்றார் என்பர். பிறர் பேசும் பகுதிகளும் அவருக்கு மனப்பாடமாயிருந்தன. நினைவாற்றலுக்குச் சான்றாகவே பலரும் இச்செய்தியைக் கூறுவர். அவர் நாடகத்தைப் பாத்திரமாக அன்றிப் பனுவலாகவே உள்வாங்கியிருந்தார் என்பதற்கும் இது சான்றாகலாம்.

இவ்வூரில்தான் ஆசிரியரும் அரங்கவியலாளருமான மியெச்சிஸ்வாவ் கொத்லார்ச்சிக்கின் நட்பு அவருக்குக் கிட்டியது. 1938இல் வொய்த்திவா கிராக்கோவ் நகருக்குச் சென்று யாகியெல்லோனியப் பல்கலைக்கழகத்தில் போலந்து மொழியும் இலக்கியமும் பயிலத் தொடங்கினார். ஓராண்டு முடிந்த அளவில் போர் மூண்டது. 1939 நவம்பர் 6 அன்று அந்நகரின் பேராசிரியர்கள் உள்ளிட்ட 183 பேரை ஜெர்மானியர் கைதுசெய்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சாக்சன்ஹவுசன் வதைமுகாமிற்கு அனுப்பப்பட்டனர். பல்கலைக்கழகம் மூடப்பட்டது. போலந்து மொழியின் உயர் இலக்கியத்தைப் பொதுமேடையில் நிகழ்த்துதல் தடைசெய்யப்பட்டது. வொய்த்திவா முதலில் கல்லுடைக்கும் சுரங்கத்திலும் பின்னர் சோல்வே வேதியியல் ஆலையிலும் தொழிலாளியாக வேலை செய்தார். 1941 பிப்ரவரியில் தந்தையும் இறந்தார்.

அதே ஆண்டுக் கோடையில் கொத்லார்ச்சிக் தம் மனைவியுடன் கிராக்கோவ் வந்து வொய்த்திவாவின் குடியிருப்பிலேயே தங்கினார். ஆகஸ்டு மாதம் ‘ராப்சோடிய அரங்கு’ தோன்றியது. பண்டைக் கிரேக்கத்தில் காப்பியங்களை ஓதிச்சென்ற பாணரைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயர் பெறப்பட்டது. நவம்பர் 1 அன்று ஸ்வோவாட்ஸ்கியின் ‘அரச ஆவி’ என்னும் கவிதைப் படைப்பு முதல் நிகழ்வாக அரங்கேறியது. ஒரு வீட்டின் கூடம், சன்னல்களில் திரை, அழைக்கப்பட்ட சிலர் மட்டுமே அவையோர். ஆக்கிரமிப்புக் காலத்தில் இவ்வாறு ஏழு படைப்புகள் நிகழ்த்தப்பட்டன. பிடிபட்டால் வதைமுகாமோ மரணமோ நேரும் என்பதை நடிப்பவரும் பார்ப்பவரும் அறிந்தேயிருந்தனர்.

இவ்வரங்கின் அழகியலை இங்குச் சற்று விரித்துரைத்தல் தகும். காட்சியமைப்பு ஏறத்தாழ இல்லை, உடையலங்காரம் இல்லை, அசைவு மிகக் குறைவு. நடிகர் ஒரு பாத்திரமாக மாறுவதில்லை. சொல்லை ஏந்தி நிற்பவராகவே இருக்கிறார். வேடமிட்டு ஆடும் கூத்தைக் காட்டிலும், ஒருவரே நின்று பலர் கூற்றையும் எடுத்துரைக்கும் கதைப்பொழிவு இதற்கு அண்மையது எனத் தமிழ் அரங்க ஆய்வாளர்க்கு விளக்கலாம். எனினும் கதைப்பொழிவில் உள்ள நகைச்சுவையும் கிளைக்கதைகளும் இங்கு இல்லை. இவ்வெளிமையை மறைவு வாழ்வின் நெருக்கடி மட்டும் தோற்றுவிக்கவில்லை. கொத்லார்ச்சிக் போருக்கு முன்னரே ‘உயிருள்ள சொல்’ என்னும் கோட்பாட்டை உருவாக்கி வந்தார். நெருக்கடி அதற்கு வலுச்சேர்த்தது எனலாம்.

1942இல் மிச்கியெவிச்சின் ‘பான் ததேயுஷ்’ நிகழ்த்தப்பட்டபோது, தெருவில் ஜெர்மானிய ஒலிபெருக்கி தம் படையின் வெற்றிச் செய்திகளை முழங்கத் தொடங்கியது. ஓதிக்கொண்டிருந்த வொய்த்திவா குரலை உயர்த்தவுமில்லை, நிறுத்தவுமில்லை என வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். அந்நேரத்தில் அவர் ஏற்கெனவே குருமாணவர். பேராயர் ஆதாம் சபியேகா மறைவாக நடத்திவந்த குருமடத்தில் 1942 இலையுதிர்காலத்தில் அவர் சேர்ந்திருந்தார். கொத்லார்ச்சிக் இம்முடிவைக் கைவிடுமாறு நெடுநேரம் வாதாடியும் பயனில்லை. ஆயினும் ஸ்வோவாட்ஸ்கியின் ‘சாமுவேல் ஸ்போரோவ்ஸ்கி’யில் தலைமைப் பாத்திரத்தை அவர் ஏற்றது 1943 மார்ச்சில்தான். ஆலையில் உழைப்பு, மறைவாக இறையியற் கல்வி, மறைவாகவே நாடகம் என மூன்றும் சில மாதங்கள் ஒருங்கே நடந்தன. மேடையை விட்ட நாளும் குருத்துவத்தைத் தேர்ந்த நாளும் ஒன்றல்ல. துறவு வரலாற்றின் அச்சு இவ்விடத்தில்தான் பொருந்தாமற்போகிறது. 1946 நவம்பர் 1 அன்று அவர் குருவாக அருள்பொழிவு பெற்றார்.

இதற்கு எதிரான சான்று ஒன்றும் உண்டு; அது அவருடைய எழுத்திலிருந்தே கிடைக்கிறது. ஆதாம் ஹ்மியெலோவ்ஸ்கி என்னும் ஓவியர் 1863 எழுச்சியில் ஒரு காலை இழந்தவர். பின்னர் ஓவியத்தை விடுத்து, சகோதரர் ஆல்பர்ட் என்னும் பெயருடன் கிராக்கோவின் வீடற்றோரிடையே வாழ்ந்தார். அவரைத் தலைமைப் பாத்திரமாகக் கொண்டு வொய்த்திவா ‘நம் கடவுளின் சகோதரர்’ என்னும் நாடகத்தை எழுதினார். கலையையும் இலக்கியத்தையும் அரங்கையும் விட்டு விலகிய காலத்தில் ஆல்பர்ட்டின் வாழ்வே தமக்குத் துணையும் முன்மாதிரியுமாக இருந்தது என 1996இல் வெளியான ‘கொடையும் மறைபொருளும்’ நூலில் அவர் குறிப்பிடுகிறார். ஆகவே விலகல் இருந்தது; அது அவருக்கு எளிதாகவும் இல்லை. ஆனால் அவ்விலகலைப் பற்றிப் பேச அவர் தேர்ந்த வடிவமே நாடகம் என்பதை நோக்க வேண்டும். அவர் துறந்தது நடிகராகும் எதிர்காலத்தை; சொல்லரங்கை அன்று.

பிற்காலச் செய்திகள் இதனை உறுதிப்படுத்துகின்றன. 1957இல் ஆந்திரே யாவியென் என்னும் புனைபெயரில் சொல்லரங்கைக் குறித்து ‘திகோத்னிக் பொவ்ஷெக்னி’ வார இதழில் அவர் கட்டுரை எழுதினார். துணை ஆயராக இருந்த 1960இல், அதே புனைபெயரில் ‘பொற்கொல்லர் கடை’ நாடகத்தை ‘ஸ்நாக்’ இதழில் வெளியிட்டார். மூன்று இணையரின் திருமண வாழ்வைக் கூறும் இந்நாடகத்தில் பாத்திரங்கள் ஒருவரோடொருவர் உரையாடுவது அரிது. தனிமொழிகளே அடுத்தடுத்து வருகின்றன. நாடகச் சுவையை எதிர்பார்த்து வாசிப்போர்க்கு இது வறண்டதாகத் தோன்றக்கூடும். உயிருள்ள சொல்லின் கோட்பாட்டை அறிந்து வாசித்தால் அவ்வறட்சி திட்டமிட்ட ஒன்று என்பது புலப்படும்.

1978 அக்டோபரில் அவர் திருத்தந்தையான பின்பு, திரளான மக்கள்முன் அவர் காட்டிய ஆளுமையை முன்னாள் நடிகரின் மேடைத்திறன் என ஊடகங்கள் விளக்கின. பாராட்டாகச் சொன்னோரும் குறையாகச் சொன்னோரும் ‘நடிப்பு’ என்பதைப் பாவனை என்னும் பொருளிலேயே ஆண்டனர். பாவனையை நீக்குவதே அவர் பெற்ற பயிற்சியாக இருந்தது. அவரிடம் அரங்கின் தடத்தைத் தேடுவோர் கையசைவில் தேடுவதைவிட, மறையுரையில் அவர் விட்ட நீண்ட இடைநிறுத்தங்களில் தேடுவது பொருத்தமாகும்.

ராப்சோடிய அரங்கைப் போருக்குப் பிந்தைய அரசு 1953இல் மூடியது. 1957இல் திறக்க இசைந்து, 1967இல் மீண்டும் மூடியது. அதன்பின் அது திறக்கப்படவேயில்லை. கொத்லார்ச்சிக்கின் ‘உயிருள்ள சொல்லின் கலை’ என்னும் நூல் 1975இல் உரோமையில் அச்சேறியது. அதற்கு முன்னுரை வழங்கியவர் அப்போது கர்தினாலாக இருந்த வொய்த்திவா. மாணவர் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு எட்டு மாதங்கள் முன்னர், 1978 பிப்ரவரியில் கொத்லார்ச்சிக் காலமானார்.