எண்பது சதவீதத் தள்ளுபடியும் ஒரு லாரி ஆபீஸும்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே புதுச்சேரி நேரு வீதியில் தோள் இடிபடாமல் நடக்க முடியாது. அதே நாட்களில் கைபேசிக்குள் இன்னொரு கடைவீதி திறக்கிறது. “சிவகாசி நேரடி விலை, 80 சதவீதம் தள்ளுபடி, 3,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் கிஃப்ட் பாக்ஸ் இலவசம்” என்று விளம்பரம். கீழே ஒரு வாட்ஸ்அப் எண். பணம் போகும். பட்டாசு வராது. இரண்டு நாளில் அந்த எண்ணும் அணைந்துவிடும்.

ஏமாந்தவரைப் பார்த்து ஊர் சொல்லும் தீர்ப்பு ஒன்றே: பேராசை. பட்டாசு விஷயத்தில் அது அநியாயம். பெட்டியில் அச்சடித்த விலைக்குச் சிவகாசியில் யாரும் பட்டாசு வாங்குவதில்லை. நாணயமான கடைக்காரரே விலைப்பட்டியலில் பெரிய தொகை ஒன்றைப் போட்டு, அதில் எழுபது, எண்பது சதவீதம் கழித்துத்தான் எஸ்டிமேட் எழுதுவார். இதில் பழகியவருக்கு 80 சதவீதத் தள்ளுபடி உறுத்தாது. பத்து சதவீதம் என்றால்தான் ‘என்ன இது’ என்று தோன்றும். மோசடிக்காரர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நல்ல வியாபாரத்தின் வழக்கத்தையே எடுத்து உடுத்திக்கொள்கிறார்.

சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம், இணையதளங்கள் பட்டாசு ஆர்டர் எடுக்கவோ விற்கவோ கூடாது என்று உத்தரவிட்டது. ஆனால் வாட்ஸ்அப்பில் ஆர்டர், வங்கிக் கணக்கில் முன்பணம், லாரியில் பார்சல் என்று ஒரு வியாபாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நல்லவரும் கெட்டவரும் ஒரே கதவு வழியாக வருவதால்தான் குழப்பம். ஏமாந்த பிறகு, ‘தடை செய்ததை நாமே வாங்கப் போனோமே’ என்று பலர் புகார் கொடுக்கக் கூசுகிறார்கள். கூச வேண்டாம், அந்த உத்தரவு விற்பனைத் தளங்களை நோக்கியது. 2024 தீபாவளிக்கு முன்பு தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவு போலிப் பட்டாசு இணையதளங்களைப் பற்றியே தனியாக எச்சரிக்கை விட்டது.

பொய்யைப் பிடிக்கச் சுலபமான இடம், விலை அல்ல, சரக்கு வரும் வழி. பட்டாசு வெடிபொருள். தபாலில் அனுப்பக் கூடாது, ரயிலில் ஏற்றக் கூடாது, ஒழுங்கான கூரியர் நிறுவனமும் வாங்காது. லாரியில்தான் வரவேண்டும். வந்து லாரி ஆபீஸில் இறங்கும், நாம்தான் போய் எடுக்கவேண்டும். “கூரியர்ல போட்டாச்சு சார், டிராக்கிங் நம்பர் அனுப்புறேன்” என்று ஒருவர் சொன்னால் அங்கேயே கதை முடிந்தது. எந்த டிரான்ஸ்போர்ட், பாண்டியில் எந்த இடத்தில் இறக்குவார்கள் என்று கேளுங்கள். தொழில் செய்பவர் யோசிக்காமல் சொல்வார். அந்த லாரி ஆபீஸுக்கே ஒரு போன் போட்டு அந்தக் கடையைத் தெரியுமா என்று கேட்டால் இன்னும் நல்லது. பணம் அனுப்பும் முன் செயலியில் தெரியும் பெயரையும் பாருங்கள். கடைப் பெயர் ஒன்றாகவும் கணக்குப் பெயர் சம்பந்தமே இல்லாத தனிநபருடையதாகவும் இருந்தால், பட்டாசு அந்தத் தனிநபரிடமும் இருக்காது.

இந்த ஊருக்கென்று ஒரு பழைய நம்பிக்கையும் உண்டு: பாண்டியில் எல்லாம் மலிவு. ஒரு காலத்தில் அது உண்மை. விற்பனை வரி குறைவு என்பதால் கடலூர், விழுப்புரத்திலிருந்து டிவியும் ஃபிரிட்ஜும் வாங்க இங்கே வருவார்கள். 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்தபின் அந்த வித்தியாசம் போய்விட்டது. அதன் பிடிக்குள் வராத மதுவும் பெட்ரோலும்தான் மிச்சம். ஆனால் நம்பிக்கைக்கு வரிவிதிப்பு தெரியாது. ‘பாண்டி விலை’ என்று பாதி விலைக்கு ஐபோன் காட்டினால் இன்றும் நம்ப ஆள் இருக்கிறது.

வாங்குபவர் மட்டும்தான் ஏமாறுகிறார் என்று நினைப்பதும் தவறு. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் தரையில் துணி விரித்து விற்பவரை யோசியுங்கள். கூட்டத்தில் ஒருவர் போனைத் திருப்பிப் பச்சை டிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அச்சு அசலாக அப்படியே காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. தொகையை உரக்கச் சொல்லும் அந்தச் சின்ன ஒலிப்பெட்டிக்கு மாத வாடகை வீண் என்று சிலர் அலுத்துக்கொள்வது உண்டு. சந்தை நாளில் இரண்டு சட்டைப் பணம் தப்பினாலே வாடகை வந்துவிடும். இன்னொரு வேலையும் நடக்கிறது: 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் ஓர் இரவில் பல கடைகளின் கியூஆர் கோடு மேல் வேறொரு கோடை ஒட்டிவிட்டுப் போனார்கள். காலையில் கடை திறந்ததும் ஒட்டியிருப்பதை நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்ப்பதற்கு ஒரு நொடிதான்.

தீபாவளிச் சீட்டு தனிக் கதை. மாதாமாதம் கட்டினால் மளிகை, பட்டாசு, தங்கக் காசு என்று சொல்லி, பண்டிகை நெருங்கும்போது கதவைச் சாத்திவிட்டுப் போன நிறுவனங்களை 2022இல் செய்யாறு பார்த்துவிட்டது. வசூலித்துத் தந்தவர் பெரும்பாலும் தெருவிலேயே தெரிந்த அக்காவாக இருப்பார். அதனால்தான் யாரும் ரசீது கேட்பதில்லை.

டிசம்பர் பிறந்தால் தூண்டில் வெளியூர்க்காரருக்கு. புத்தாண்டு இரவுக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. அப்போது ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர் வீடு ஒன்றின் படத்தை எங்கிருந்தோ எடுத்துப் போட்டு, பாதி முன்பணம் கேட்பார்கள். பெங்களூரிலிருந்து வருபவருக்கு வீதியின் பெயர் தெரியும், வீடு தெரியாது. வீடியோ அழைப்பில் வாசலையும் வீதிப் பலகையையும் காட்டச் சொன்னால் போதும். காரணம் சொல்லித் தட்டிக்கழிப்பவருக்குப் பணம் அனுப்பவேண்டாம். அறையை வாடகைக்கு விடுபவருக்கும் ஒரு வார்த்தை: முன்பணம் அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்று யார் சொன்னாலும், போடாதீர்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.

பணம் போய்விட்டால்? சைபர் மோசடிக்கான உதவி எண் 1930. காவல் நிலையம் எது, வங்கி எப்போது திறக்கும் என்றெல்லாம் தேடுவதற்கு முன்பு இந்த எண். 2021இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் உங்கள் பணம் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு ஓடுகிறது என்று வங்கிகள் வரிசையாகத் துரத்தி, நிற்கும் இடத்தில் முடக்கிவைக்கும். மோசடிக்காரர் சொந்தக் கணக்கில் வாங்குவதில்லை. கமிஷனுக்கு ஆசைப்பட்டுக் கணக்கை வாடகைக்கு விட்ட யாரோ ஒருவருடைய கணக்கு அது. அங்கிருந்து சில நிமிடங்களில் அடுத்தது, அதற்கடுத்தது. கூப்பிடும்போது பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனையின் 12 இலக்க யூடிஆர் எண் கையில் இருக்கட்டும். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் எழுத்திலும் பதியலாம். இதற்கிடையே அந்தப் பட்டாசுக்காரர் போனை எடுத்தால், “லாரி செக்போஸ்ட்ல நிக்குது, இன்னும் 1,800 கட்டினா நாளைக்கு வந்துடும்” என்பார். கட்டாதீர்கள். நாளை வரை காத்திருக்கவும் வேண்டாம்.