பழைய தமிழ்க் கோப்புகளை மீட்பது எப்படி? எழுத்துருப் பட்டியல் பற்றிய ஒரு விளக்கம்



இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கணினியில் அச்சுக்கோத்து வைத்த தமிழ்க் கோப்புகள் நம்மில் பலரது வீடுகளில் உள்ளன. சங்கத்தின் ஆண்டு மலர், கல்யாணப் பத்திரிகை, தாத்தா எழுதி வைத்த குடும்ப வரலாறு என்று எதுவாகவும் இருக்கலாம். அதனை இன்றைய கணினியில் திறந்தால் தமிழ் தெரிவதில்லை. "அம்மா" என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் நிற்கின்றன. "கோப்பு கெட்டுவிட்டது" என்று சொல்லி அழித்துவிடுபவர்களும் உண்டு. தயவு செய்து அழிக்காதீர்கள். கோப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதனைப் படிக்க வேண்டிய எழுத்துரு எது, அது எங்கே இருக்கிறது என்பது மட்டும் கணினிக்குத் தெரியவில்லை. அதைத் தெரிவிக்கும் முறையைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

கோப்புக்குள் இருப்பவை எண்களே

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். எனவே எனக்குத் தெரிந்த உதாரணத்தையே சொல்கிறேன். நிலையத்தின் ரிலே அறையில் வரிசையாக டெர்மினல்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. 106-ஆம் டெர்மினலில் எந்தக் கம்பி வருகிறது என்பதை அந்த எண் சொல்லாது, வயரிங் வரைபடம்தான் சொல்லும். வேறொரு நிலையத்தின் வரைபடத்தை வைத்துக்கொண்டு வேலை செய்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கணினிக் கோப்பும் அப்படித்தான். அதில் எழுத்துகள் இல்லை, எண்கள்தான் உள்ளன. அந்த எண்ணுக்கு என்ன வடிவம் வரைய வேண்டும் என்பதை எழுத்துரு சொல்கிறது. ஆங்கில எழுத்துருவில் 106 என்பது சிறிய ஜே. இலங்கைத் தமிழரிடையேயும் புலம்பெயர்ந்தோரிடையேயும் வெகுவாகப் புழங்கிய பாமினி எழுத்துருவில் அதே 106 நம்முடைய "த". அதேபோல 107 "ம", 112 இகரக் கொம்பு, 111 "ழ", 59 புள்ளி. ஆக "தமிழ்" என்ற சொல் பாமினிக் கோப்பில் 106, 107, 112, 111, 59 என்று பதிவாகியிருக்கும். பாமினி இல்லாத கணினி அதையே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று காட்டும். எண்கள் மாறவில்லை, வரைபடம் மாறிவிட்டது.

ஒரே எண்ணுக்குப் பல எழுத்துகள்

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1980களிலும் 1990களிலும் எழுத்துரு செய்தவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எண்களை ஒதுக்கினார்கள். சிலர் பாமினியைப் போல ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்தார்கள். வேறு சிலர் ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிட்டு, 128க்கு மேற்பட்ட எண்களில் தமிழை வைத்தார்கள். டிஸ்கி என்ற குறியீடு இந்த இரண்டாம் வகை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து, தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு குறியீடுகளை ஏற்றது. இவற்றில் டாம் தமிழுக்கு மட்டும், டாப் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுவதற்கு. இவற்றிற்கெல்லாம் முன்பே, 1991-இல் வெளிவந்த யூனிகோடில் தமிழுக்கென 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆனால் சாதாரணக் கணினிகளில் அது நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. 2010-இல் தமிழக அரசும் யூனிகோடைத் தன் தரமாக அறிவித்தது.

நமக்கு மட்டுமே நேர்ந்த தொல்லை என்று எண்ண வேண்டாம். பெங்களூரில் நம் கன்னட அண்டை வீட்டாரும் இதே வழியில் வந்தவர்கள்தான். கன்னட கணக பரிஷத் உருவாக்கிய நுடியிலும், பரஹ மென்பொருளிலும் தட்டி வைத்த பழைய கோப்புகள் அவர்களிடம் ஏராளம். கீழே சொல்லப்போகும் முறை அவர்களுக்கும் பொருந்தும்.

கோஸ்ட்ஸ்கிரிப்டும் அதன் பட்டியலும்

பழைய கோப்புகளில் பல, அச்சகத்திற்கு அனுப்புவதற்காகப் போஸ்ட்ஸ்கிரிப்ட் அல்லது பிடிஎஃப் வடிவில் செய்யப்பட்டவை. இவற்றைப் பக்கமாக வரைந்து காட்டும் இலவச மென்பொருள் கோஸ்ட்ஸ்கிரிப்ட். எல். பீட்டர் டாய்ச் என்பவர் எழுதி 1988-இல் வெளியிட்டார். இன்றும் பல அச்சிடும் அமைப்புகளின் உள்ளே இதுவே வேலை செய்கிறது.

பிடிஎஃப் செய்யும்போது எழுத்துருவையும் அதனுள்ளேயே சேர்த்து வைக்க முடியும். அப்படிச் சேர்த்திருந்தால் கவலை இல்லை, எங்கு திறந்தாலும் தமிழ் தெரியும். அன்றைய நாளில் கோப்பின் அளவைக் குறைப்பதற்காகப் பலர் சேர்க்காமல் விட்டார்கள். அந்தக் கோப்பில் எழுத்துருவின் பெயர் மட்டுமே இருக்கும். கோஸ்ட்ஸ்கிரிப்ட் அப்பெயரைத் தன்னிடமுள்ள ஃபான்ட்மேப் என்னும் பட்டியலில் தேடும். கிடைக்காவிட்டால் தன்னிடமுள்ள ஆங்கில எழுத்துரு ஒன்றைப் பதிலுக்கு வைத்து வரைந்துவிடும். "இந்த எழுத்துருவுக்குப் பதிலாக இதை வைக்கிறேன்" என்று திரையில் ஒரு வரி செய்தியும் தரும். நாம் பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான். எனவே செய்திகளை அடக்கும் விசையைப் போடாதீர்கள்.

பட்டியலில் வரி எழுதும் முறை

ஃபான்ட்மேப் என்பது சாதாரண எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து திருத்தலாம். ஒரு வரிக்கு ஓர் எழுத்துரு. கணினியில் ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும், இங்கே புரிவதற்காக நம் எழுத்தில் தருகிறேன்:

/பாமினி (பாமினி.டிடிஎஃப்) ;

முதலில் சாய்கோடு. அதனை ஒட்டி, இடைவெளி இல்லாமல், ஆவணம் கேட்கும் பெயர். பிறகு அடைப்புக்குறிக்குள் எழுத்துருக் கோப்பின் பெயர். கடைசியில் ஓர் இடைவெளி விட்டு அரைப்புள்ளி. பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு, ஆவணத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். சதவீதக் குறியில் தொடங்கும் பகுதி நமக்கான குறிப்பு, கணினி அதைப் படிக்காது.

இன்னொரு வகை வரியும் உண்டு:

/பாமினி,போல்ட் /பாமினி ;

இங்கே இரண்டாவதும் சாய்கோட்டில் தொடங்குகிறது. "அந்தப் பெயரைக் கேட்டால் இந்த எழுத்துருவைக் கொடு" என்று இதற்குப் பொருள். சென்னை சென்ட்ரல் நிலையத்தின் பெயர் எத்தனை முறை மாறினாலும், ரயில்வேக் குறியீடு எம்ஏஎஸ் என்றே இருக்கிறதல்லவா? எந்தப் பெயரில் கேட்டாலும் வண்டி அதே நிலையத்திற்குத்தான் போகும். அதுபோல.

மென்பொருளோடு வந்த பட்டியலைத் திருத்துவதைவிட, நமக்கென ஒரு தனிப் பட்டியலை எழுதி, கட்டளையில் அதன் பெயரைக் கொடுப்பது நல்லது. மென்பொருளைப் புதுப்பிக்கும்போது நம் வேலை அழியாது. எழுத்துருக்கள் உள்ள அடைவு எது என்பதையும் கட்டளையில் சொல்லிவிடுங்கள். 2019-இல் வந்த 9.50 பதிப்பு முதல், பாதுகாப்புக் கருதி, நாம் அனுமதித்த அடைவுகளுக்கு வெளியே உள்ள கோப்புகளை அது திறப்பதில்லை.

பெயர்கள் தப்பிய விதம்

இதன் பயன் என்ன என்பதற்கு ஓர் உதாரணம். எங்கள் ஈஜிபுராவில் ஒரு வயதான அம்மாள் இருக்கிறார். அவர் கணவர் கோலார் தங்க வயலில் வேலை பார்த்தவர். 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பின் குடும்பம் பெங்களூருக்கு வந்தது. அவர் தம் சுரங்க நாட்களைப் பற்றி எழுபது பக்கம் எழுதி, ஒரு டிடிபி கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அவர் காலமான பின் கையெழுத்துப் பிரதியைக் கரையான் அரித்துவிட்டது. மிஞ்சியது ஒரு குறுந்தகட்டில் இருந்த பிடிஎஃப் கோப்பு மட்டுமே. எழுத்துரு அதில் சேர்க்கப்படவில்லை.

பேரன் கெட்டிக்காரப் பையன். பாமினி எழுத்துருவைத் தேடிப் பிடித்துப் பட்டியலில் சேர்த்துவிட்டான். பக்கங்கள் தமிழில் வந்தன. ஆனால் இடையிடையே சில வரிகள் ஆங்கிலக் குப்பையாகவே நின்றன. "இதெல்லாம் கடைக்காரர் விட்ட பிழை, எடுத்துவிட்டு அச்சடிக்கலாமா அங்கிள்?" என்று என்னிடம் கொண்டு வந்தான்.

ஆவணம் கேட்கும் எழுத்துருக்களைப் பட்டியலிட்டுப் பார்த்தோம். பாமினி ஒன்று, தடித்த பாமினி மற்றொன்று என்று இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டாவது பெயருக்குப் பட்டியலில் வரியே இல்லை. மேலே காட்டிய இரண்டாம் வகை வரியைச் சேர்த்தவுடன் அந்த வரிகளும் தமிழாயின. அவை எல்லாம் மனிதர்களின் பெயர்கள். தம்முடன் சுரங்கத்தில் இறங்கியவர்களின் பெயர்களை மட்டும் அவர் தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருந்திருக்கிறார். தடிமன் வரவில்லை, பெயர்கள் வந்தன. அம்மாள் ஒவ்வொன்றாகப் படித்து, "இவர் நம்ம லைன் வீட்டுக்காரர், இவர் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தோம்" என்று சொல்லச் சொல்ல, பேரன் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டான்.

தமிழாகத் தெரிந்தால் மட்டும் போதாது

ஆங்கிலக் குப்பையாக வரும் பிழை கண்ணுக்குத் தெரியும். அதைவிட ஆபத்தானது, தமிழாகவே வரும் பிழை. டாப் குறியீட்டில் செய்த ஆவணத்துக்கு டிஸ்கி எழுத்துருவைக் கொடுத்தால் எழுத்துகள் தமிழாகவே வரும், ஆனால் சொற்கள் சிதைந்திருக்கும். டிஸ்கியிலேயே 1.6, 1.7 என்ற இரு பதிப்புகளுக்கிடையே ஒரு சில இடங்கள் மட்டும் வேறு. மாற்றிக் கொடுத்தால் பக்கம் முழுவதும் சரியாக இருப்பது போலத் தோன்றி, எங்கோ சில எழுத்துகள் மட்டும் பிறழும்.

சிக்னல் வேலையில் புதிதாக வயரிங் செய்தபின் கரஸ்பாண்டன்ஸ் டெஸ்ட் என்று ஒன்று செய்வோம. பேனலில் பச்சை காட்டுகிறது என்பதால் வெளியே கம்பத்திலும் பச்சை எரிகிறது என்று நம்பமாட்டோம். ஒருவர் வெளியே நின்று, கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுபோல, தமிழ் நன்கு தெரிந்த ஒருவர் பக்கத்தைச் சத்தமாக வாசிக்க, பழைய அச்சுப் பிரதி இருந்தால் மற்றொருவர் அதனுடன் ஒப்பிட வேண்டும். வீட்டுப் பெரியவர்களுக்கு ஏற்ற வேலை இது.

யூனிகோடுக்கு மாற்றுதல்

பட்டியல் முறை பக்கத்தைக் காட்டவும் அச்சிடவும் உதவும். ஆனால் அதில் ஒரு சொல்லைத் தேடவோ, பிள்ளைகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பவோ வேண்டுமானால் எண்களையே மாற்ற வேண்டும். பாமினியின் 106 யூனிகோடில் 2980, 107 அங்கே 2990, 112 அங்கே 3007, 111 அங்கே 2996, 59 அங்கே 3021. இவ்வாறு மாற்றித் தர என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற கருவிகள் வந்தன.

வெறும் எண் மாற்றம் மட்டும் போதாது. பழைய எழுத்துருக்களில் "கெ" என்பதற்கு முதலில் கொம்பும் பிறகு ககரமும் பதிவாகும், கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. யூனிகோடில் முதலில் ககரம், பிறகுதான் கொம்பு, அதாவது ஒலிக்கும் வரிசை. மாற்றும் கருவி இதனைத் திருப்பிப் போட வேண்டும்.

இன்னொரு வம்பு ஔகாரத்தில் உள்ளது. பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் வலப்பக்கக் குறிக்கு ளகரத்தையே பயன்படுத்தினார்கள். ஆகவே "கௌரி"யில் வருவதும் "வெள்ளி"யில் வருவதும் கருவிக்கு ஒன்றே. அவசரப்பட்ட கருவி "வெள்ளி"யை "வௌ்ளி" என்றும், "வெளியே"யை "வௌியே" என்றும் ஆக்கிவிடும். ஔகாரக் குறியை அடுத்துப் புள்ளியோ கொம்போ தமிழில் வரவே வராது. மாற்றிய பின் அப்படிப்பட்ட இடங்களைத் தேடினால் இந்தப் பிழைகளைச் சுலபமாகப் பிடித்துவிடலாம்.

இது தனி மனிதரால் ஆகாத காரியம் என்று நினைக்க வேண்டாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், ஊதியம் பெறாத அன்பர்களின் உழைப்பால் பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றியது. அவர்களும் பழைய எழுத்துருவில் தொடங்கி, டிஸ்கிக்கு மாறி, பின்னர் யூனிகோடுக்கு வந்தவர்கள்தான்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. பழைய குறுந்தகடுகளில் உள்ளவற்றை முதலில் வேறு இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள். மூலத்தில் எந்தத் திருத்தமும் செய்யாதீர்கள்.

2. பிடிஎஃப் கோப்பின் விவரப் பகுதியில் எழுத்துருப் பெயர்களைப் பாருங்கள். எது சேர்க்கப்பட்டது, எது சேர்க்கப்படவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

3. பழைய கணினியை விற்குமுன் அதிலுள்ள எழுத்துருக் கோப்புகளை எடுத்து வையுங்கள். ஆவணத்தோடு ஒரே உறையில் எழுத்துருவும் இருக்கட்டும்.

4. தடித்தது, சாய்ந்தது உட்பட ஒவ்வொரு பெயருக்கும் பட்டியலில் ஒரு வரி எழுதுங்கள்.

5. மீட்ட பின், எழுத்துருவை உள்ளே சேர்த்த புதிய பிடிஎஃப் ஒன்றையும், யூனிகோடில் ஒரு பிரதியையும், காகிதத்தில் ஓர் அச்சையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிப்பது சற்றுச் சிரமம். ஆனால் கணினி அவர்களுக்குக் கைவந்த கலை. நமக்குக் கணினி சற்று அந்நியம், தமிழ் கைவந்தது. இந்த வேலைக்கு இரண்டு பேரும் தேவைப்படுகிறார்கள். வரும் விடுமுறையில் அலமாரியில் உள்ள குறுந்தகடுகளை எடுத்துப் பேரப்பிள்ளைகளுடன் உட்காருங்கள். எழுத்துருவின் பெயர் எது, அதை எங்கே தேடுவது என்பதில் ஐயம் இருந்தால் சங்கத்துக்கு எழுதுங்கள், என்னால் இயன்றதைச் செய்யக் காத்திருக்கிறேன்.