முனையை மாற்றும் முன் தண்டைக் கவனியுங்கள்

பாரம்பரிய வில்லில் பயிலும் பலர், 100 கிரெயின் முனையைக் கழற்றி 200 கிரெயின் முனையைத் திருகிவிட்டு அதே தண்டை எய்கிறார்கள். அம்பு விலகினால் கையைக் குறை சொல்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஸ்பைனை.

ஸ்பைன் என்றால் என்ன?

29 அங்குலக் கார்பன் தண்டை 28 அங்குல இடைவெளியில் தாங்கவைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். அரை அங்குலம் வளைந்தால் அதன் ஸ்பைன் 500. எண் கூடக்கூடத் தண்டு இளகும். எய்யும்போது நாண் பின்னிருந்து தள்ள, கனமான முனை முன்னால் தாமதிக்கும். தண்டு இன்னும் அதிகமாக வளையும். நீளம் கூடினாலும் இதே விளைவுதான்.

ஆபத்து எங்கே?

வலுவான வில்லில் மிக இளகிய தண்டு முறியலாம். கார்பன் சில்லுகள் வில் பிடித்த கையில் பாயலாம். எனவே ஒவ்வொரு முறை எய்யும் முன்பும் தண்டை மெல்ல வளைத்துப் பாருங்கள். கீறலோ முறியும் ஒலியோ இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். அம்பின் மொத்த எடை, வில் தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால் வில்லே சேதமாகும்.

சரிசெய்வது எப்படி?

அருகில் யாரும் இல்லாத இடத்தில், குறுகிய தூரத்திலிருந்து இறகுள்ள அம்புகளையும் இறகில்லா அம்பையும் எய்யுங்கள். வலக்கைக்காரருக்கு இறகில்லா அம்பு வலப்புறம் தைத்தால் தண்டு இளகல்; முனை எடையைக் குறையுங்கள். இடப்புறம் தைத்தால் விறைப்பு; எடையைக் கூட்டுங்கள். தண்டை வெட்டினாலும் விறைப்பு கூடும். ஆனால் வெட்டியதை ஒட்ட முடியாது. அதனால் முதலில் முனை, பிறகே ரம்பம். முழுதாக இழுத்த நிலையில் முனை வில்லுக்கு முன்னால் நிற்கும் நீளம் கட்டாயம் வேண்டும்.

உங்கள் உரிமை

இந்தியாவில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளின் தரத்தையும் அளவையும் அறியும் உரிமை உங்களுக்கு உண்டு. ஸ்பைன், எடை, வில்லுக்கான வரம்பு ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் வாங்கியது மாறி வந்தால், அந்த விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் 1915-ஐ அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை 2 ஆண்டுகளுக்குள் அணுகுங்கள்.

பொருளை மாற்றியமைத்திருந்தாலோ தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ, காயத்துக்காக விற்பனையாளர் மீது பொருள் பொறுப்பு வழக்கு நிற்காது என்பதையும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே வெட்டும் முன்பே தண்டைச் சோதித்துப் படம் எடுத்து, பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.