ஐயாயிரம் வீட்டுக்கு ஒரு மீட்டர்

ஒரு தொடரின் டி.ஆர்.பி. 10 புள்ளி என்றால், நூற்றுக்குப் பத்துப் பேர் அதைப் பார்த்தார்கள் என்றே பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஆள்கணக்கோடு நிமிடக் கணக்கும் அதில் சேர்கிறது. அரைமணி நேரத் தொடரை நூறு பேரில் பத்துப் பேர் முழுவதும் பார்த்தால் 10 புள்ளி. இருபது பேர் பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு வேறு சேனலுக்குப் போய்விட்டாலும் அதே 10 புள்ளிதான். தன் பத்து வினாடி விளம்பரம் ஓடும்போது சராசரியாக எத்தனை பேர் திரைமுன் இருப்பார்கள் என்பதே விளம்பரதாரருக்கு வேண்டியது. அந்த எண்ணை வைத்துத்தான் விளம்பர நேரத்துக்கு விலை பேசப்படுகிறது.

இந்தக் கணக்கெடுப்பு வானொலிக் காலத்து அமெரிக்காவில் தொடங்கியது. 1930இல் ஆர்ச்சிபால்ட் கிராஸ்லி, வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசி முந்தைய நாள் கேட்ட நிகழ்ச்சிகளை விசாரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். பெயர்பெற்ற நிகழ்ச்சிகள் நினைவில் நின்றன, மற்றவை மறந்துபோயின. சி.இ.ஹூப்பரின் நிறுவனம், நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசியில் அழைத்து, இப்போது கேட்பது எது என்று விசாரித்தது. மறதியால் வந்த பிழை நீங்கினாலும், தொலைபேசி வைத்துக்கொள்ள வசதியற்ற வீடுகள் கணக்கில் வரவே இல்லை. 1936இல் ஆர்தர் நீல்சன் ‘ஆடிமீட்டர்’ கருவியை வாங்கினார். 1942இல் வானொலிக்கும் 1950இல் தொலைக்காட்சிக்கும் அவருடைய ரேட்டிங் வந்தது. பெட்டி எந்த நிலையத்தில் திருப்பப்பட்டிருந்தது என்பதை அந்தக் கருவி பதிவுசெய்தது. எதிரே உட்கார்ந்திருந்தது யார் என்பதை வீட்டாரே டைரியில் எழுதித்தர வேண்டியிருந்தது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான் வைத்த ‘பீப்பிள் மீட்டர்’ 1987இல் அங்கே தேசிய அளவில் புழக்கத்துக்கு வந்தது.

இந்தியாவில் தூர்தர்ஷன் டைரி முறையில் கணக்கெடுத்து வந்தது. பின்னர் டாம் மீடியா ரிசர்ச் போன்ற நிறுவனங்கள் மீட்டர் வைத்தன. 2015 முதல் அந்த வேலை பார்க் இந்தியா அமைப்பிடம் இருக்கிறது. அதில் ஒளிபரப்பாளர்களுக்கு 60 விழுக்காடும், விளம்பரதாரர்களுக்கும் விளம்பர முகமைகளுக்கும் தலா 20 விழுக்காடும் பங்கு. சேனலின் ஒலியோடு காதுக்குக் கேட்காத குறியீடு ஒன்றை ஒளிபரப்பும் இடத்திலேயே கலந்து அனுப்புகிறார்கள். சேனலின் அடையாளமும் நேரமும் அதில் இருக்கும். வீட்டிலுள்ள மீட்டர் அந்த ஒலியைக் கேட்டுக் குறியீட்டைப் பிரித்தெடுக்கும். கேபிளோ டி.டி.எச்.சோ, நிகழ்ச்சி எந்த வழியாக வந்தாலும் மீட்டருக்கு ஒன்றுதான். பார்ப்பவர் தனக்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். சமையலறைக்கு எழுந்து போகும்போது மறுபடி அழுத்த வேண்டும். கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இந்த ஓரிடத்தில் மனிதரின் பொறுமையை நம்பித்தான் ஆக வேண்டும்.

2020 வாக்கில் நாட்டில் சுமார் 21 கோடி வீடுகளில் தொலைக்காட்சி இருந்தது. மீட்டர் இருந்தவை சுமார் 44,000. ஒரு வீடு ஏறக்குறைய 4,800 வீடுகளுக்குப் பதிலாக நின்றது. இதைக் கேட்டவுடன் இவ்வளவு சிறிய மாதிரியை எப்படி நம்புவது என்று தோன்றும். பானைச் சோற்றைப் பதம் பார்க்க ஒரு பருக்கை போதும், சோறு சீராக வெந்திருந்தால். வீடுகளைச் சாய்வில்லாமல் தேர்ந்தெடுத்தால், நாட்டில் மொத்தம் எத்தனை வீடுகள் என்பது பெரிய விஷயமே இல்லை. மாதிரியில் எத்தனை வீடுகள் என்பதுதான் பிழையைத் தீர்மானிக்கிறது.

அந்தப் பிழை எல்லா நிகழ்ச்சிக்கும் ஒரே மாதிரி உறைப்பதில்லை. ஆயிரம் பேரிடம் எடுத்த கணக்கில் ஒரு தொடருக்கு 20 புள்ளி வந்தால், உண்மை அளவு 17.5க்கும் 22.5க்கும் இடையில் இருக்கும் என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்லலாம். அதே ஆயிரம் பேரில் ஓர் அறிவியல் நிகழ்ச்சிக்கு 1 புள்ளி வந்தால், உண்மை 0.4 ஆகவும் இருக்கலாம், 1.6 ஆகவும் இருக்கலாம். நான்கு மடங்கு வித்தியாசம். ஒரு வீட்டில் நான்கு பேர் சேர்ந்து பார்ப்பதால் அவர்கள் நான்கு தனி மாதிரிகளாக ஆவதும் இல்லை. பிழை இன்னும் கூடும். அதைப் பாதியாக்க வேண்டுமானால் மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும். வாரந்தோறும் வியாழக்கிழமை ரேட்டிங் பட்டியல் வரும்போது 1.2இலிருந்து 0.8க்கு இறங்கிய நிகழ்ச்சியைப் பார்வையாளர் கைவிட்டதாக முடிவு கட்டுகிறார்கள். ஒருவரும் கைவிடாமலே அந்த எண் இறங்கியிருக்கலாம். மாலை நேரத்தில் பெரிய தொடர்கள் அசையாமல் நிற்க, சிறிய நிகழ்ச்சிகள் வந்த வேகத்தில் மறைவதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. சிறிய எண்களை வாரந்தோறும் தனித்தனியாகப் பார்க்காமல் பல வாரச் சராசரியாகப் பார்ப்பதே நேர்மையான வழி.

மாதிரி சிறிது என்பதில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. மீட்டர் இருக்கும் வீடு வெளியே தெரிந்துவிட்டால் சில வீடுகளை வளைத்தாலே போதும். அத்தகைய வீடுகளுக்குப் பணம் கொடுத்துக் குறிப்பிட்ட சேனல்களை ஓடவிட்டதாக 2020 அக்டோபரில் மும்பைக் காவல்துறை குற்றம் சாட்டியது. செய்திச் சேனல்களின் ரேட்டிங் நிறுத்தப்பட்டு, 2022 மார்ச்சில்தான் மீண்டும் வந்தது. அப்போது செய்திச் சேனல்களுக்கு நான்கு வாரச் சராசரி நடைமுறையானது.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதும், பார்த்ததால் என்ன ஆனது என்பதும் வேறுவேறு கேள்விகள். 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ், செவ்வாய்க் கிரகத்தவர் படையெடுப்பதாக ஒரு நாடகத்தைச் செய்தி அறிக்கை பாணியில் சி.பி.எஸ். வானொலியில் நடத்தினார். நாடே பீதியில் ஓடியதாக மறுநாள் நாளிதழ்கள் எழுதின. அதே இரவில் ஹூப்பர் நிறுவனம் 5,000 வீடுகளை அழைத்துக் கேட்டதில், அந்த நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது சுமார் 2 விழுக்காடு வீடுகள் மட்டுமே. ஹாட்லி காண்ட்ரில் 1940இல் வெளியிட்ட ஆய்வோ அறுபது லட்சம் பேர் கேட்டதாகவும், பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கலங்கியதாகவும் மதிப்பிட்டது. அதற்கு அடிப்படையான கருத்துக்கணிப்பு ஆறு வாரம் கழித்து, நாளிதழ்ச் செய்திகள் ஊறிய பிறகு எடுக்கப்பட்டது. நினைவை நம்பிக் கேட்பதில் உள்ள பழைய சிக்கலேதான்.

விளைவை அறியச் சிறந்த வழி, தொலைக்காட்சி வந்த ஊரையும் வராத ஊரையும் ஒப்பிடுவது. ராபர்ட் ஜென்சனும் எமிலி ஆஸ்டரும் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களின் கிராமப்புறப் பெண்களிடம் 2001 முதல் 2003 வரை திரட்டப்பட்ட தரவுகளை அப்படி ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். இடையில் கேபிள் வந்த ஊர்களில், கணவன் அடிப்பது சரியே என்று சொன்ன பெண்கள் குறைந்திருந்தார்கள். ஆண் குழந்தைதான் வேண்டும் என்ற விருப்பமும் பிள்ளைப்பேறும் குறைந்திருந்தன. வீட்டு முடிவுகளில் பெண்களின் பங்கு கூடியிருந்தது. எந்தத் தொடர் அதைச் செய்தது என்பதை இந்த ஒப்பீடு பிரித்துச் சொல்லவில்லை. நகரத்துப் பெண்களின் வாழ்க்கையை நாள்தோறும் திரையில் பார்த்ததே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.